எதிர்ப்பொருளும் அணுவுலைக் காவலும்: பரபக்கம், சுபக்கம்

இக்கட்டுரை என்ன நுதலிற்றோ எனின், எதிர்ப்பொருளைக் கொண்டு அணுமின்சாரத்தைப் பாதுகாப்பானதாக்க முடியுமா என்னும் வினாவை ஆராய்தல் நுதலிற்று. ஆராயும் இடம் புதுக்குடியிருப்பு. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் நந்திக்கடலுக்கு அண்மையில் உள்ள ஊர். இந்த வினாவுக்கும் இவ்வூருக்கும் என்ன இயைபு என்று கேட்பவர் நிலப்படத்தில் ஒருமுறை அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். கூடங்குளம் இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 350 கிலோமீற்றர். கல்பாக்கம் ஏறத்தாழ 365 கிலோமீற்றர். காலிக் கோட்டையும் எங்களுக்கு அவ்வளவு தூரந்தான். இரண்டு அணுமின் நிலையங்களுக்கும் கிட்டத்தட்டச் சம தொலைவில் இருக்கிறோம். அவற்றைக் கட்டியபோது இங்கே எவரிடமும் எவரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்கப்படாதவர்களும் வினாவலாம் என்பதே இந்த ஆராய்ச்சிக்கு நான் காட்டும் தகுதி.

முறை பற்றி ஒரு சொல். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் முதலிற் பரபக்கத்தை வைத்தார், பின்னர் சுபக்கத்தை வைத்தார். பிறர் கொள்கையை அவர்கள் சொல்வது போலவே முழுதும் சொல்லி, மறுத்து, அதன்பிறகே தன் கொள்கையை நிறுவுதல் அம்முறை. அணுமின்னைப் பற்றி வாதிடுவோரில் பெரும்பாலானோர் மற்றத் தரப்பை முழுதாகக் கேட்பதில்லை. ஆகவே அந்தப் பழைய ஒழுங்கே இதற்கும் பொருந்தும் என்று கொண்டேன்.

முதலில் பொருள் இன்னதென்று வரையறுத்தல் வேண்டும். 1928இல் போல் டிராக் இலத்திரனுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். எதிர்பாராத ஒரு தீர்வும் அதற்குள் கிடந்தது. அதைத் தள்ளிவிடாமல், இலத்திரனின் திணிவும் அதற்கு எதிரான ஏற்றமும் கொண்ட ஒரு துணிக்கை இருக்க வேண்டும் என்று 1931இல் அவர் சொன்னார். அடுத்த ஆண்டே கார்ள் அண்டர்சன் அண்டக்கதிர்களில் அதைக் கண்டுபிடித்தார். அதற்குப் பொசித்திரன் என்று பெயர். 1955இல் கலிபோர்னியாவின் பேர்க்லியில் எதிர்ப்புரோத்தன் பிடிபட்டது. 1995இல் ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆய்வகத்தில் ஒன்பது எதிர் ஐதரசன் அணுக்கள் உருவாகி, உருவான கையோடு அழிந்தன. டிராக்கின் மாணாக்கருள் எங்களவர் ஒருவரும் இருந்தார். சி. ஜே. எலியேசர் கேம்பிறிட்சில் டிராக்கிடம் ஆய்வு செய்தவர், பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். கதிர்வீசும் இலத்திரன் புரோத்தனை நோக்கி விழுந்துவிடுமா என்பதை டிராக்கின் இயக்கச் சமன்பாட்டைக் கொண்டு அவர் ஆராய்ந்தார். எங்கள் பாடசாலைகளில் டிராக்கின் பெயரைச் சொல்லும்போது எலியேசரின் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டும் அழியும். அவற்றின் திணிவு சக்தியாக வெளிவரும். இதனால் எதிர்ப்பொருள் என்றதும் பலருக்கு அச்சம் வருகிறது. அச்சத்துக்கு இடமில்லை. வளர்ந்த ஒருவரின் உடம்பிலுள்ள பொற்றாசியத்தில் ஒரு சிறு பங்கு கதிர்த்தொழிற்பாடு உடையது. அதிலிருந்து மணிக்கு ஏறத்தாழ 180 பொசித்திரன்கள் பிறந்து, அங்கேயே ஓர் இலத்திரனோடு சேர்ந்து அழிகின்றன. புற்றுநோய் எங்கெங்கு பரவியிருக்கிறது என்று காட்டும் பெற் ஸ்கான் முழுவதும் பொசித்திரனின் வேலை. நோயாளியின் குருதியில் ஏற்றப்படும் புளோரின்-18 விடும் பொசித்திரன்கள் அழியும்போது எழும் இரு கதிர்களைக் கொண்டே படம் வரைகிறார்கள். எதிர்ப்பொருள் மனிதருக்கு ஏற்கெனவே உதவிக்கொண்டிருக்கிறது. அணுவுலைக்கும் உதவுமா என்பதே கேள்வி.

அணுவுலையில் அஞ்ச வேண்டியது எது என்பதையும் பிரித்தறிய வேண்டும். ஒன்று, கருப்பிளவின் சங்கிலித் தாக்கம் கட்டுமீறுவது. செர்னோபிலில் 1986 ஏப்பிரல் 26 அதிகாலை நடந்தது அது. மற்றது, தாக்கம் நின்ற பின்னும் நிற்காத வெப்பம். கட்டுப்பாட்டுக் கோல்களை இறக்கியவுடன் பிளவு நின்றுவிடும். ஆனால் ஏற்கெனவே பிளந்த துண்டுகள் தேய்ந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அந்த எச்சவெப்பம் முழு வலுவின் ஆறு, ஏழு சதவீதம். ஒரு நாள் கழிந்தும் அரைச் சதவீதம் அளவில் மிஞ்சும். கூடங்குளத்தின் ஓர் அலகு 1000 மெகாவாற்று மின்சாரத்துக்காக 3000 மெகாவாற்று வெப்பத்தை எழுப்புகிறது. நிறுத்திய கணத்தில் அதில் இருநூறு மெகாவாற்று வெப்பம் மிஞ்சியிருக்கும். அதை ஆற்ற நீர் ஓட வேண்டும். நீர் ஓட மின்சாரம் வேண்டும். 2011 மார்ச் 11 அன்று புக்குசிமாவில் நிலநடுக்கம் வெளிமின்சாரத்தை அறுத்தது, ஆழிப்பேரலை டீசல் பிறப்பாக்கிகளை மூழ்கடித்தது. பிளவு எப்போதோ நின்றுவிட்ட மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது.

ஆழிப்பேரலை எங்களுக்குப் பாடப்புத்தகச் செய்தி அல்ல. 2004 திசெம்பர் 26 காலை முல்லைத்தீவுக் கரையை அள்ளிக்கொண்டு போன அலையே கல்பாக்கத்திலும் ஏறியது. அங்கே கடல்நீர் இறைக்கும் நிலையத்துக்குள் நீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். நிலையத்து வேலையாட்கள் குடியிருந்த பகுதியில் உயிர்கள் போயின.

இனிப் பரபக்கம்.

முதற்கொள்கையார் கூறுவது: யுரேனியத்தை விட்டுவிடுங்கள், எதிர்ப்பொருளையே எரியுங்கள். ஒரு கிராம் எதிர்ப்பொருள் ஒரு கிராம் பொருளோடு சேர்ந்தழிந்தால் ஏறத்தாழ 5 கோடிக் கிலோவாற்று மணி சக்தி வரும். இலங்கை முழுவதும் ஒரு நாளில் எரிக்கும் மின்சாரம் ஏறத்தாழ இவ்வளவு. பிளவுத் துண்டு இல்லை, ஆயிரமாண்டுக் கழிவு இல்லை, எச்சவெப்பம் இல்லை. ஊட்டுவதை நிறுத்தினால் உலை அணைந்துவிடும்.

இக்கொள்கையின் கடைசிப் பகுதி அழகானது. எச்சவெப்பமே இல்லாத உலை என்பது புக்குசிமாவைப் பார்த்த எவரும் ஏங்கக்கூடிய ஒன்று. ஆயினும் இது நில்லாது. நில்லாமைக்கு முதற்காரணம், எதிர்ப்பொருள் வெட்டியெடுக்கும் சுரங்கம் பூமியில் இல்லை என்பது. யுரேனியத்தில் இருக்கும் சக்தியை இயற்கை முன்பே சேமித்துவிட்டது. எதிர்ப்பொருளில் இருக்கும் சக்தி முழுவதையும் நாம்தான் போட வேண்டும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, எங்கள் ஊர் அடங்கிய வன்னியில் பற்றறியும் தடைப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட ஊரவருக்கு, பெடல் மிதித்த காலின் உழைப்பே ஒலியாகிறது என்று விளக்கத் தேவையில்லை. எதிர்ப்பொருளும் அத்தகையது. அதிலும் மிதிப்பதில் அநேகமாக எல்லாம் வீணாகிறது. துணிக்கை முடுக்கியில் நூறு கோடிப் பங்கு சக்தியைப் போட்டு ஒரு பங்கு திரும்பினால் பெரிது. தாங்கள் இதுவரை உண்டாக்கிய எதிர்ப்பொருள் முழுவதையும் சேர்த்து எரித்தாலும் ஒரு மின்குமிழைச் சில நிமிடம் ஒளிரவைக்கலாம் என்று சேர்ன் ஆய்வகத்தாரே சொல்கிறார்கள். 1999இல் நாசா கணித்த விலை, ஒரு கிராம் எதிர் ஐதரசனுக்கு 62.5 இலட்சம் கோடி அமெரிக்க டொலர்.

விலை என்றாவது குறையலாம் என்பாருக்கு இரண்டாங் காரணம் உண்டு. அதுவே என் பார்வையில் பெரியது. எதிர்ப்பொருளை எந்தக் கலத்திலும் வைக்க முடியாது, கலமும் பொருள்தான். ஆகவே வெற்றிடத்தில் காந்தப்புலத்தால் தாங்கி வைக்கிறார்கள். இதில் சேர்ன் ஆய்வாளர்கள் சாதித்தது வியக்கத்தக்கது. 2011இல் எதிர் ஐதரசனை ஆயிரம் செக்கன் வரை பிடித்து வைத்தார்கள். எதிர்ப்புரோத்தன்களை ஓராண்டுக்கு மேல், 405 நாட்கள், காத்து வைத்திருக்கிறார்கள். 2024 ஒக்ரோபரில் எழுபது புரோத்தன்களைப் பொறியில் அடைத்து லொறியில் ஏற்றி வளாகத்தைச் சுற்றி வந்து, எதிர்ப்புரோத்தன்களையும் இப்படிக் கொண்டுபோகலாம் என்று ஒத்திகை பார்த்தார்கள். எல்லாம் எண்ணக்கூடிய துணிக்கைகள். ஒரு கிராமைத் தாங்க வேண்டிய பொறியில் காந்தம் ஒரு கணம் தளர்ந்தால் ஹிரோசிமாக் குண்டின் இருமடங்குக்கு மேற்பட்ட சக்தி அக்கணமே வெளிவரும். யுரேனிய உலை எவ்வளவு கெட்டாலும் அணுகுண்டாக வெடிக்காது. எதிர்ப்பொருட் கிடங்கு கெட்டால் வேறெதுவாகவும் ஆகாது. அதைக் கெடாமல் வைத்திருப்பது எது? தடையில்லா மின்சாரம். புக்குசிமாவில் எது போனதால் உலை உருகியதோ அதன்மேலேயே முழுப் பாரத்தையும் ஏற்றி வைப்பது இக்கொள்கை. பாதுகாப்புக்காக இதை நாடுவது பொருந்தாது.

இரண்டாங் கொள்கையார் நுட்பமானவர்கள். எதிர்ப்பொருளை எரிபொருளாகக் கொள்ள வேண்டாம், திரியாகக் கொள்ளுங்கள் என்பர். தானாகச் சங்கிலித் தாக்கம் நிகழ முடியாத அளவுக்கு எரிபொருளைக் குறைத்து வைத்து, வெளியிலிருந்து எதிர்ப்புரோத்தன் கற்றையைப் பாய்ச்ச வேண்டும். எதிர்ப்புரோத்தன் யுரேனியக் கருவில் அழியும்போது கரு பிளந்து பதினைந்து பதினாறு நியூத்திரன்கள் தெறிக்கும். அவை மேலும் பிளக்கும். கற்றையை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும். செர்னோபில் அங்கே நடக்கவே முடியாது. 1990களில் அமெரிக்காவின் பென்சில்வேனிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் விண்கலங்களுக்காக எதிர்ப்புரோத்தன் தூண்டும் கருப்பிளவை ஆராய்ந்தார்கள்.

இக்கொள்கையின் பாதி உண்மை. வெளிக்கற்றை ஓட்டும் உலை நல்ல கருத்து. ஆனால் அந்தக் கற்றைக்கு எதிர்ப்பொருள் தேவையில்லை. சாதாரணப் புரோத்தனை வேகமாக முடுக்கி ஈயத்தில் மோதவிட்டால் ஒரு புரோத்தனுக்கு இருபது நியூத்திரன்கள் வரை தெறிக்கும். புரோத்தன் ஐதரசனிலிருந்து கிடைக்கிறது, எதிர்ப்புரோத்தன் மேற்சொன்ன விலைக்குக் கிடைக்கிறது. நோபல் பரிசு பெற்ற கார்லோ ருபியா 1990களில் முன்வைத்தது இந்தப் புரோத்தன் வழியைத்தான். பெல்ஜியத்தின் மொல் நகரில் மிர்ரா என்ற பெயரில் அத்தகைய உலை ஒன்றைக் கட்டும் வேலை நடக்கிறது. ருபியா அதற்கு எரிபொருளாகத் தோரியத்தைச் சொன்னார். இந்தியா இதில் ஆர்வங்காட்டுவதற்கும் கன்னியாகுமரி, கேரளக் கரை மணலில் உள்ள தோரியமே காரணம். எங்கள் மாவட்டத்தின் தெற்கெல்லையில், கொக்கிளாய்க்கு அப்பால், புல்மோட்டைக் கறுப்பு மணலிலும் தோரியம் கொண்ட மொனசைற்று உண்டு. தோரியனைற்று என்னும் கனியத்தை உலகுக்கு முதலிற் காட்டியதும் இலங்கைதான். 1904இல் அதைக் கண்டுபிடித்தவர் அப்போது கனிய ஆய்வுத்துறையில் இருந்த ஆனந்த குமாரசுவாமி. கலைவரலாற்று மேதை என்றே அவரை அறிந்திருக்கிறோம். அவர் முதலிற் பாறைகளைப் படித்தவர்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. கற்றை புரோத்தனாயினும் எதிர்ப்புரோத்தனாயினும், அதை நிறுத்தியதும் சங்கிலித் தாக்கம் நிற்கும், எச்சவெப்பம் நிற்காது. செர்னோபிலுக்கு மருந்தாகும், புக்குசிமாவுக்கு ஆகாது. எதிர்ப்பொருளால் கழிவை எரித்துச் சாதுவாக்கலாம் என்னும் மூன்றாங் கொள்கையும் இதனுள் அடங்கும். அதையும் நியூத்திரன்தான் செய்ய வேண்டும், நியூத்திரன் மலிவாக வேறிடங்களில் கிடைக்கிறது. அதைத் தனியே மறுக்க வேண்டியதில்லை.

எனில், எதிர்ப்பொருளால் அணுமின்னுக்குப் பயனே இல்லையா என்று கேட்பின், உண்டு என்க. இனிச் சுபக்கம்.

எதிர்ப்பொருளை நாம் உண்டாக்கத் தேவையில்லை. ஒவ்வோர் அணுவுலையும் ஓடும்போது அதைத் தானே உண்டாக்கி, விலையின்றி, நிறுத்தமின்றி வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. யுரேனியக் கரு பிளந்தால் வரும் துண்டுகளில் நியூத்திரன்கள் அளவுக்கு மிஞ்சியிருக்கும். அவை புரோத்தன்களாக மாறும்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் இலத்திரனும், நியூத்திரினோ என்னும் ஏற்றமற்ற நுண்துணிக்கையின் எதிர்ப்பொருளான எதிர்நியூத்திரினோ ஒன்றும் பிறக்கும். ஒரு பிளவுக்கு ஏறத்தாழ ஆறு. கூடங்குளத்தின் ஓர் அலகு முழு வலுவில் ஓடும்போது ஒவ்வொரு செக்கனும் விடும் எதிர்நியூத்திரினோக்களின் எண்ணிக்கையை எழுத, 5ஐயோ 6ஐயோ எழுதி இருபது சுழியங்கள் இட வேண்டும். இவற்றை எந்தச் சுவரும் தடுக்காது. காப்புக் கட்டடத்தின் கொங்கிறீற்று, கடல், பாறை, எல்லாவற்றையும் ஊடறுத்துச் செல்லும்.

இங்கேயும் வருகின்றன. கூடங்குளத்தின் இரண்டு அலகுகளும் முழுதாக ஓடும் நாளில், புதுக்குடியிருப்பில் நிற்கும் ஒருவரின் நகத்தளவு இடத்தைச் செக்கனுக்கு எழுபதாயிரம் எதிர்நியூத்திரினோக்கள் கடந்து போகும் என்று கணக்கு வருகிறது. அவை மன்னார் வளைகுடாவின் அடியில், பூமிக்குள் இரண்டு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கி ஏறி, ஆயிரத்திலொரு செக்கனில் வந்து சேரும். யாருக்கும் அவற்றால் தீங்கில்லை. உடம்பில் ஒன்றையும் தொடாமல் போய்விடும். கூடங்குளம் ஓடுகிறதா, எவ்வளவு வலுவில் ஓடுகிறது என்ற செய்தி ஒவ்வொரு கணமும் எங்கள் ஊரைக் கடந்துகொண்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

படிக்கும் வழி 1956இல் தெரிந்துவிட்டது. பிரெடரிக் ரெயின்சும் கிளைட் கவனும் அமெரிக்காவின் சவானா ஆற்றங்கரை உலையருகே அதைச் செய்து காட்டினார்கள். மிகமிகச் சில எதிர்நியூத்திரினோக்கள் ஐதரசனின் புரோத்தனில் மோதி ஒரு பொசித்திரனையும் ஒரு நியூத்திரனையும் தரும். பொசித்திரன் உடனே அழிந்து ஒரு மினுக்கம் காட்டும். நியூத்திரன் சற்று அலைந்து, கலந்து வைத்த உலோகத்தின் கருவொன்றில் அகப்பட்டு இன்னொரு மினுக்கம் காட்டும். இடைவெளி ஒரு செக்கனின் இலட்சத்திற் சில பங்கு. இப்படி இரண்டு மினுக்கங்கள் அந்த ஒழுங்கில் வந்தால் வந்தது எதிர்நியூத்திரினோ. எதிர்ப்பொருளின் வரவை இன்னோர் எதிர்ப்பொருளின் அழிவு அறிவிக்கிறது.

1980களில் உக்ரேனின் ரோவ்னோ அணுமின் நிலையத்தில், உலையிலிருந்து பதினெட்டு மீற்றர் தள்ளி வைத்த கருவியால் உலையின் வலு ஏறுவதையும் இறங்குவதையும் சோவியத் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். 2000களில் கலிபோர்னியாவின் சான் ஓனோபிரேயில் ஒரு தொன்னுக்கும் குறைந்த திரவம் கொண்ட கருவி, உலை மையத்துக்கு 25 மீற்றர் தொலைவில், நிலையத்தின் எந்தக் குழாயையும் தொடாமல் அதே வேலையைச் செய்தது. எரிபொருளில் யுரேனியம் குறைந்து புளூத்தோனியம் சேரச் சேர எண்ணிக்கை குறைவதையும் அது கண்டது, ஏனெனில் ஒரு புளூத்தோனியப் பிளவு தரும் பிடிபடக்கூடிய எதிர்நியூத்திரினோக்கள் யுரேனியம்-235 தருவதைவிட மூன்றிலொரு பங்கு குறைவு. எங்களுக்கு மிக நெருங்கிய சான்று ரஷ்யாவின் கலினின் நிலையத்தில் இருக்கிறது. அங்குள்ள உலை கூடங்குளத்து உலையின் இனம். அதன் கீழே பத்துப் பன்னிரண்டு மீற்றர் தள்ளி வைத்த ஒரு கன மீற்றர் கருவி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐயாயிரம் எதிர்நியூத்திரினோக்களைப் பதிகிறது. இந்தியாவுக்கும் இக்கலை புதிதல்ல. பம்பாய்க்கருகே துருவா ஆய்வுலையில் பாபா அணு ஆராய்ச்சி மையம் நூறு நெகிழித் தண்டுகள் கொண்ட இஸ்மிரான் என்னும் கருவியை இதற்கென்றே வடிவமைத்தது. 1965இல் வளிமண்டல நியூத்திரினோவை உலகில் முதன்முதலாகக் கண்டவற்றுள் ஒன்று கோலார்த் தங்கச் சுரங்கத்து ஆய்வு. அச்சுரங்கத்தில் உழைத்தவர்களில் ஏராளமானோர் தமிழர்.

இங்கே தடை எழுப்புவோர் உண்டு.

உலையின் வலு என்ன என்று கட்டுப்பாட்டறையில் இருப்பவருக்குத் தெரியாதா, இதற்கு எதிர்ப்பொருள் ஏன் என்பது தடை. தெரியும். வெளியில் இருப்பவருக்குத் தெரியாது என்பது விடை. செர்னோபில் வெடித்தது ஏப்பிரல் 26. அருகிலிருந்த பிரிப்பியாற் நகர மக்கள் மறுநாள் பிற்பகல்வரை அங்கேயே வாழவிடப்பட்டார்கள். உலகுக்குத் தெரிந்தது 28ஆந் திகதி, அதுவும் ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், சுவீடனின் போர்ஸ்மார்க் நிலையத்து வேலையாளின் சப்பாத்தில் கதிர்த்துகள் ஒட்டியிருந்ததால். அதன் பின்னரே மொஸ்கோ வாய் திறந்தது. ரோவ்னோவில் எதிர்நியூத்திரினோக்களை எண்ணியதும் அதே உக்ரேனில், அதே பத்தாண்டில்.

இவ்விடத்தில் எங்கள் ஊரின் அனுபவத்தைச் சான்றாக வைக்கிறேன். போரின் இறுதிக்கட்டத்தில், 2008 செப்தெம்பரில், ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் பணியாளர்கள் அரசின் அறிவித்தலை ஏற்றுக் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். போக வேண்டாம் என்று சனங்கள் அலுவலக வாசலில் நின்று மன்றாடினார்கள். உணவுக்காக மட்டும் மன்றாடவில்லை, பார்ப்பதற்கு ஆள் வேண்டும் என்று மன்றாடினார்கள். 2009 சனவரியில் வள்ளிபுனம், சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பக்கம் பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. அதற்குள் எறிகணைகள் விழுந்தன. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை அம்மாத இறுதியிலும் பெப்ரவரி முதல் நாட்களிலும் திரும்பத் திரும்பத் தாக்குதலுக்கு உள்ளானது. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு இவற்றைப் பதிந்து அறிக்கையிட 2011 ஆனது. ஓரிடம் பாதுகாப்பானது என்று அதிகாரத்தில் இருப்பவர் அறிவிப்பதும், அது பாதுகாப்பாக இருக்கிறதா என்று வெளியாள் தன் கண்ணால் பார்ப்பதும் வேறு வேறு. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் எத்தனை உயிர்கள் போகும் என்பது இங்கே தெரியும். ஆகவே அணுவுலை பாதுகாப்பானது என்று எந்த அரசு சொன்னாலும், அது கொழும்பாயினும் டில்லியாயினும், நாங்கள் கேட்க வேண்டியது எவர் பார்க்கிறார் என்பதே.

அடுத்த தடை வலியது. புதுக்குடியிருப்பிலேயே கருவி வைத்துப் பார்க்கலாமே என்பது. பார்க்க முடியாது. தொலைவு கூடக்கூட எண்ணிக்கை தொலைவின் வர்க்கத்தால் குறைகிறது. யப்பானின் காமியோக்காச் சுரங்கத்தில் ஆயிரம் தொன் திரவம் கொண்ட காம்லாண்ட் கருவி, சராசரி 180 கிலோமீற்றர் தொலைவில் இருந்த அந்நாட்டு உலைகள் அனைத்திலுமிருந்தும் 145 நாட்களில் பதிந்தவை 54. அத்தகைய கருவியை இங்கே வைத்தால் கூடங்குளத்தின் இரண்டு அலகுகளிலிருந்தும் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு தேறும். பூமியின் வயிற்றிலுள்ள யுரேனியமும் தோரியமும் விடும் எதிர்நியூத்திரினோக்களே அதைவிடக் கூடுதலாக வந்து விழும். சீனாவில் 2025இல் தொடங்கிய ஜூனோ இருபதாயிரம் தொன். 53 கிலோமீற்றரிலிருந்து பார்க்கவே அவ்வளவு வேண்டியிருக்கிறது. ஆகவே கருவி இருக்க வேண்டிய இடம் உலையின் மதிலடி. அங்கே சில தொன் போதும். அதன் கணக்கு மட்டும் மதிலைத் தாண்டி வர வேண்டும்.

கருவி எச்சவெப்பத்தைக் காட்டுமா, குளிர்நீர் நின்றதை உடனே சொல்லுமா என்பது மூன்றாந் தடை. சொல்லாது. சங்கிலித் தாக்கம் கட்டுமீறும் வேகத்துக்கும் அதனால் ஈடுகொடுக்க முடியாது. சில தொன் கருவி ஒரு மணி, சில மணி நேர அளவில் பேசும். விபத்தைத் தடுப்பவை கட்டுப்பாட்டுக் கோலும் நீரும் காப்புக் கட்டடமுந்தான். அவற்றின் இடத்தில் இதை வைக்கக் கூடாது. உலை சொன்ன வலுவில் ஓடுகிறதா, நிறுத்தியதாகச் சொன்னபோது உண்மையில் நின்றதா, எரிபொருள் காட்டிய கணக்கின்படியே எரிகிறதா என்னும் மூன்றுக்கும் பொய்சொல்ல இடமில்லாத விடை இதில் உண்டு. எதிர்நியூத்திரினோவை மறைக்கவும் முடியாது, இன்னோர் அணுவுலை இல்லாமல் போலியாக உண்டாக்கவும் முடியாது. சர்வதேச அணுசக்தி முகவரகம் 2008இலேயே இதற்கென நிபுணர் கூட்டம் நடத்தியது, ஆனால் ஆயுதத்துக்கு எரிபொருள் கடத்தப்படுகிறதா என்று பார்க்கும் நோக்கோடு. அயலில் வாழும் மக்களின் நோக்கு அதில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டியவர்கள் அயலில் வாழ்கிறவர்கள்.

கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரை மக்கள் 2011 முதல் ஆண்டுக்கணக்காகப் பந்தலில் இருந்து கேட்டது உலை வேண்டாம் என்பது. அக்கோரிக்கையை இந்திய உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் ஏற்கவில்லை. முதல் உலை அவ்வாண்டு யூலையில் உயிர்பெற்றது, இரண்டாவது 2016இல். மூன்று முதல் ஆறு வரையான அலகுகளின் வேலை நடக்கிறது. இலங்கையிலும் அணுமின் பற்றிய பேச்சு வளர்கிறது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அணுசக்திச் சபையையும் அதைக் கண்காணிக்கும் ஒழுங்குபடுத்தும் பேரவையையும் வெவ்வேறாகப் பிரித்தது. நல்ல ஏற்பாடு. எங்கள் கரைகளில் வைத்திருக்கும் கதிர் எச்சரிக்கைக் கருவிகளும் நல்லவையே. ஆனால் காற்றில் துகள் வந்து சேர்ந்த பிறகுதான் அவை பேசும்.

கேட்க வேண்டியது இது. கூடங்குளத்தில் இனி எழும் ஒவ்வோர் அலகின் அருகிலும், காப்புக் கட்டடத்துக்கு வெளியே, சில தொன் எடையைத் தாங்கும் ஒரு நிலவறை. அதற்குள் எதிர்நியூத்திரினோக் கருவி. நிலையத்தை நடத்துபவர் கையில் அதன் சாவி இருக்கக் கூடாது. பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்த வேண்டும், அவற்றுள் திருநெல்வேலியும் யாழ்ப்பாணமும் இருக்க வேண்டும். மணிக்கு மணி அது எண்ணுவது இரு கரையிலும் எவரும் பார்க்கத் திறந்திருக்க வேண்டும். நிலையம் அறிவிக்கும் வலு ஒரு நிரலிலும் எதிர்ப்பொருள் சொல்லும் வலு அடுத்த நிரலிலும் இருந்தால், புதுக்குடியிருப்பில் உயர்தரத்தில் பௌதிகம் படிக்கும் பிள்ளை இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத நாளில் ஏன் என்று எழுதிக் கேட்கலாம். இலங்கையில் ஓர் உலை எழுவதாயின் இதே நிபந்தனை அதன் உரிமப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். நிலவறைக்குச் செலவு பெரிதல்ல. ஆனால் உலை எழுந்தபின் அதைத் தோண்டி அமைப்பது கடினம். அத்திவாரத்துக்குக் கொங்கிறீற்று இடுவதற்கு முன்னரே வரைபடத்தில் அதற்கு இடம் விட வேண்டும்.